மெக்னீசியம் ஏன் ஏற மாட்டேன் என்கிறது? ரீஃப் டேங்க் தாது உப்புக் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

பவளத் தொட்டியில் எது சரியில்லாமல் போனாலும் பலருக்கும் முதலில் கை போவது மெக்னீசியம் பாட்டிலுக்குத்தான். கால்சியம் ஏறவில்லையா, மெக்னீசியம். நிறம் மங்குகிறதா, மெக்னீசியம். பாசி வந்துவிட்டதா, அதற்கும் மெக்னீசியம். ஆனால் கால்சியம், ஆல்கலினிட்டி (பவளம் எலும்பு கட்ட எடுத்துக்கொள்ளும் கார்பனேட்டின் அளவு), மெக்னீசியம் மூன்றில் மிக மெதுவாகச் செலவாவது இதுதான். ஒரே வாரத்தில் அது மளமளவென்று குறைந்ததாகத் தெரிந்தால், பெரும்பாலும் உப்புத்தன்மை இறங்கியிருக்கும், அல்லது அளந்ததில் தவறு இருக்கும். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும், பாட்டிலைத் திறப்பதற்கு முன் பார்க்க வேண்டியதை முதலில் சொல்கிறேன். ஆண்டுக்கணக்கில் வளர்த்த பவளம் தேவையில்லாத ஒரு டோஸால் போவது மனதுக்குக் கஷ்டமான விஷயம், பொறுமையாக அளந்தால் தவிர்க்கக்கூடியதும்கூட.

சில எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உப்புத்தன்மை 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) உள்ள இயற்கைக் கடல்நீரில் மெக்னீசியம் 1,280 முதல் 1,300 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), கால்சியம் 410 முதல் 420, ஆல்கலினிட்டி ஏறத்தாழ 7 டிகேஹெச் (அதன் அலகு), பொட்டாசியம் 390 முதல் 400 வரை இருக்கும். தொட்டியில் மெக்னீசியத்தை 1,250 முதல் 1,400 வரையும், கால்சியத்தை 400 முதல் 450 வரையும், ஆல்கலினிட்டியை (இனி ஆல்க் என்றே சொல்கிறேன்) 7.5 முதல் 9 வரையும் வைத்தால் போதும். இந்த வரம்புக்குள் எந்த எண்ணில் இருக்கிறது என்பதைவிட, அந்த எண் நாளுக்கு நாள் ஆடாமல் இருப்பதுதான் பவளத்துக்கு முக்கியம்.

அறிகுறி: எவ்வளவு ஊற்றினாலும் மெக்னீசியம் ஏறவில்லை

முதலில் உப்புத்தன்மையைப் பாருங்கள். மெக்னீசியம் கடல் உப்பின் ஒரு பகுதி. தண்ணீர் நீர்த்தால் அதுவும் சேர்ந்து நீர்க்கும். அடர்த்தி எண் (தூய தண்ணீர் 1 என்று வைத்து ஒப்பிடுவது) 1.026 இருக்க வேண்டிய தொட்டி 1.023-க்கு இறங்கியிருந்தால், உப்புத்தன்மை ஏறத்தாழ 31 பிபிடி. 1,290-ஐ 31-ஆல் பெருக்கி 35-ஆல் வகுத்தால் 1,143 வருகிறது. இந்தத் தொட்டியில் மெக்னீசியம் ஒன்றும் செலவாகவில்லை. உப்புதான் குறைந்திருக்கிறது. இப்போது மெக்னீசியத்தை மட்டும் 1,300-க்கு ஏற்றிவிட்டு, பிறகு உப்புத்தன்மையையும் 35-க்குக் கொண்டுவந்தால் மெக்னீசியம் 1,450-ஐத் தாண்டிப் போய் நிற்கும். பல தொட்டிகளில் அளவு தாறுமாறாவது இப்படித்தான்.

ரிஃப்ராக்டோமீட்டர் (உப்புத்தன்மை அளக்கும் கருவி) சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம். ஆர்ஓ (வடிகட்டி உப்பு நீக்கிய) தண்ணீரில் பூஜ்யம் காட்டினால் கருவி சரி என்று நினைப்போம். பூஜ்யத்தில் சரியாக இருக்கும் கருவி 35-இல் தவறலாம். 35 பிபிடி அளவுக் கரைசலை வைத்தே சரிபாருங்கள். கரைசலும் கருவியும் ஒரே அறை வெப்பத்தில் இருக்கட்டும். கண்ணாடித் தட்டில் சொட்டு விட்டு மூடியதும் உடனே படிக்காமல் அரை நிமிடம் பொறுங்கள்.

அடுத்தது டெஸ்ட் கிட். மெக்னீசியம் கிட்டில் சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறும் இடத்தைப் பிடிக்க வேண்டும். தவறு நடப்பது அந்தக் கடைசிச் சொட்டுகளில்தான். இளஞ்சிவப்பு முழுதாக மறைவதற்கு முன் ஒரு மங்கலான ஊதா வரும். அங்கே நிறுத்துபவருக்கு ஒரு எண், தெளிவான நீலம் வரும்வரை விடுபவருக்கு வேறு எண். அந்த இடம் நெருங்கியதும் ஒவ்வொரு சொட்டுக்கும் பல விநாடி குலுக்கிக் காத்திருங்கள். தொட்டியின் நீல விளக்குக்கு அடியில் நின்று சோதிக்காதீர்கள், அந்த வெளிச்சத்தில் ஊதாவும் நீலமும் ஒன்றாகவே தெரியும். வெள்ளைத் தாளைப் பின்னால் வைத்து, வெள்ளை வெளிச்சத்தில் பாருங்கள். சிரிஞ்சு நுனியில் காற்று நின்றால் என்ன செய்வது, பிஸ்டனின் எந்த விளிம்பில் படிப்பது என்பது கிட்டுக்குக் கிட்டு மாறும். அதன் தாளைப் படித்து அதையே எப்போதும் பின்பற்றுங்கள். சந்தேகம் வந்தால் இரண்டு முறை சோதியுங்கள். இரண்டுக்கும் 50 பிபிஎம் வித்தியாசம் வந்தால், அந்த அளவு "குறைவு" குறைவே இல்லை. அளவு தெரிந்த ஒரு ஒப்பீட்டுக் கரைசலை இதே கிட்டில் சோதித்துப் பார்ப்பது இன்னும் நல்லது.

தொட்டியே ஒரு கணக்கு வைத்திருக்கிறது, அதையும் பாருங்கள். பவள எலும்புக்கூடு உருவாக 2.8 டிகேஹெச் ஆல்க் செலவானால், கூடவே 20 பிபிஎம் கால்சியம் போகும். மெக்னீசியம் போவது அந்தக் கால்சியத்தில் பத்தில் ஒரு பங்கு, பல சமயம் அதற்கும் கீழே. கோராலைன் பாசி (பாறையில் ஊதா ஓடாகப் படரும் பாசி) நிறைய இருந்தால் சற்றே கூடும். நாளுக்கு 1 டிகேஹெச் குடிக்கிற, நன்றாக வளர்ந்த தொட்டியில்கூட வாரத்துக்கு 50 பிபிஎம் கால்சியம்தான் போகிறது. அப்படியானால் மெக்னீசியம் வாரத்துக்கு 5 பிபிஎம். போன வாரம் 1,320, இந்த வாரம் 1,230 என்று கிட் சொன்னால் அதில் 85 பிபிஎம்முக்குப் பவளம் பொறுப்பில்லை.

இதையெல்லாம் பார்த்த பிறகும் மெக்னீசியம் உண்மையிலேயே குறைவு என்று தெரிந்தால், இனி கிராம் கணக்கு. மெக்னீசியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட்டில் எடையில் 12 சதவீதம்தான் மெக்னீசியம். 100 லிட்டரில் 100 பிபிஎம் ஏற்ற 10 கிராம் மெக்னீசியம் வேண்டும், அதாவது அந்த உப்பில் சுமார் 84 கிராம். 200 லிட்டர் தண்ணீரை 1,150-லிருந்து 1,300-க்குக் கொண்டுவர 250 கிராம் ஆகும். பலர் எதிர்பார்ப்பதைவிட இது மிக அதிகம். "ஊற்றிக்கொண்டே இருக்கிறேன், ஏறவில்லை" என்பவர்களில் பலர் உண்மையில் மிகக் குறைவாக ஊற்றுகிறவர்கள். நீர்மக் கரைசல் வாங்கிப் பயன்படுத்துகிறவர்கள் லேபிளில் 100 லிட்டருக்கு எத்தனை மில்லி எத்தனை பிபிஎம் ஏற்றும் என்று பார்த்து இதே கணக்கைப் போட்டுக்கொள்ளலாம்.

தொட்டியின் கொள்ளளவும் கணக்கில் தவறும். கண்ணாடியின் நீள அகல உயரம் தருவது தண்ணீரின் அளவு கிடையாது. பாறையும் மணலும் இடம் பிடித்திருக்கும், சம்ப் (தொட்டியோடு இணைந்த கீழ்த்தொட்டி) கூடுதல் தண்ணீர் தரும். உண்மையான நீரளவைக் கணித்து ஒரு இடத்தில் எழுதி வைத்துவிடுங்கள்.

இன்னொன்று: மெக்னீசியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை விடாமல் உறிஞ்சும். பையைச் சரியாக மூடாமல் விட்டால் கட்டியாகி, பிறகு அடியில் தண்ணீர் கசியும். அதை எடை போட்டால் நீங்கள் நிறுப்பதில் கூடுதல் தண்ணீரும் சேர்ந்திருக்கும். ஈரம் ஏறிய உப்பை எடை பார்த்துப் பயன்படுத்தாதீர்கள். முழுப் பையையும் அளவு தெரிந்த தண்ணீரில் கரைத்து, அந்தக் கரைசலைச் சோதித்து அளவு தெரிந்துகொண்டால் வீணாகாது.

ஒரு நாளைக்கு 100 பிபிஎம்முக்கு மேல் ஏற்ற வேண்டாம். 50 என்றால் எனக்கு இன்னும் நிம்மதி. கரைத்து, நீரோட்டம் வேகமாக உள்ள இடத்தில் மெல்ல விடுங்கள். சிறிய திருத்தத்துக்குக் குளோரைடு மட்டும் போதும். மாதக்கணக்கில் தொடர்ந்து ஏற்றுகிறீர்கள் என்றால் பத்துப் பங்கு குளோரைடுக்கு ஒரு பங்கு எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்ஃபேட்) சேர்த்துக்கொள்ளுங்கள். கடல்நீரில் குளோரைடோடு சல்ஃபேட்டும் இருக்கிறது. ஒன்றை மட்டும் ஊற்றிக்கொண்டே போனால் அந்த விகிதம் சாயும். எப்சம் உப்பை மட்டுமே ஊற்றினாலும் அதே கோளாறு மறுபக்கமாக வரும்.

அறிகுறி: ஆல்க்கும் கால்சியமும் நிற்கவில்லை, ஹீட்டரில் வெள்ளைப் படிவு

மெக்னீசியம் உண்மையில் வேலை செய்யும் இடம் இதுதான். கடல்நீரில் கால்சியமும் கார்பனேட்டும் கரைந்திருக்க வேண்டிய அளவைத் தாண்டியே இருக்கின்றன. எப்போது வேண்டுமானாலும் சுண்ணாம்பாகப் படியலாம். படியாமல் இருப்பதற்கு மெக்னீசியம் ஒரு முக்கியக் காரணம். ஒரு சின்னச் சுண்ணாம்புப் படிகம் தோன்றியதும் மெக்னீசியம் அதன் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு மேலே வளர விடாமல் தடுத்துவிடும். மெக்னீசியம் 1,100-க்குக் கீழே போய்விட்டால் இந்தக் காவல் தளர்கிறது. நீங்கள் ஊற்றுகிற ஆல்க்கும் கால்சியமும் பவளத்துக்குப் போகாமல் ஹீட்டரிலும் பம்பின் உள்சக்கரத்திலும் மணலிலும் போய் உட்காரும்.

சூடான இடத்தில்தான் முதலில் படியும். அதனால் ஹீட்டரின் கண்ணாடிக் குழாயை விரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். சொரசொரப்பான வெள்ளைத் தோல் வந்தால் அதில் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு, சந்தேகமே வேண்டாம். ரிட்டர்ன் பம்பின் (சம்பிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப்) சத்தம் மாறியிருந்தால் அதைக் கழற்றி உள்சக்கரத்தையும் பாருங்கள்.

படிவு இருப்பதாலேயே மெக்னீசியம் குறைவு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மெக்னீசியம் 1,300 இருந்தும், ஆல்க் 11 அல்லது 12-இல், பிஹெச் 8.4-க்கு மேல் ஓடினால் அப்போதும் படியும். எனவே வரிசை இது: ஆல்க், பிஹெச், மெக்னீசியம் மூன்றையும் ஒரே நேரத்தில் அளக்கவும். மெக்னீசியம் 1,200-க்குக் கீழே இருந்தால் முதலில் அதை ஏற்றுங்கள். ஏறும்வரை ஆல்க்கை 7 அல்லது 8-இல் நிறுத்தி வையுங்கள், கால்சியத்தைத் துரத்தாதீர்கள். மெக்னீசியம் சரியாக இருந்து ஆல்க் மட்டும் அதிகமென்றால் டோஸைக் குறைத்துத் தானாக இறங்க விடுங்கள். ஹீட்டரையும் பம்பையும் மின்சாரத்தை நிறுத்தி, ஹீட்டர் ஆறிய பிறகு வெளியே எடுத்து, வினிகரிலோ சிட்ரிக் அமிலக் கரைசலிலோ ஊறவைத்துக் கழுவுங்கள். படிவைச் சுத்தம் செய்யாமல் விட்டால் அதன்மேலேயே மேலும் படியும்.

"ஆல்க் விழுகிறது, கால்சியம் அசையவே இல்லை, என்ன கோளாறு?" என்றும் கேட்பார்கள். பெரும்பாலும் கோளாறு எதுவும் இல்லை. ஆல்க் 1 டிகேஹெச் இறங்கினால் கால்சியம் 7 பிபிஎம்தான் இறங்கும், அதை வீட்டுக் கிட் பிடிக்காது. இன்னொரு காரணமும் உண்டு. தொட்டியில் நைட்ரேட் ஏறிக்கொண்டே போனால் அதுவும் ஆல்க்கைக் குடிக்கும். நைட்ரேட் 50 பிபிஎம் ஏறினால் ஏறத்தாழ 2.3 டிகேஹெச் போய்விடும், கால்சியம் தொடப்படாது. மீன்கள் நிறைய, பவளம் குறைவு என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

பிஹெச் 7.8-இல் நிற்கிறது, ஆனால் ஆல்க் 8 இருக்கிறது என்றால் அது ஆல்க் பிரச்சினை கிடையாது. அறைக் காற்றில் கார்பன் டை ஆக்சைடு அதிகம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அல்லது ஸ்கிம்மரின் (நுரை எழுப்பி அழுக்கைப் பிரிக்கும் கருவி) காற்றுக் குழாயை வெளியே விடுங்கள். பிஹெச்சை ஏற்ற பஃபர் (ஆல்க் ஏற்றும் கலவை) ஊற்றினால் ஆல்க் 12-ஐத் தாண்டி, மேலே சொன்ன சுண்ணாம்புப் படிவில்தான் கொண்டுவிடும்.

அறிகுறி: டோஸ் விட்டதும் தண்ணீர் வெண்மையாகிறது

எவ்வளவு நேரத்தில் தெளிகிறது என்பதை முதலில் பாருங்கள். சுண்ணாம்பு நீரோ சோடியம் கார்பனேட் கரைசலோ விழும் இடத்தில் ஒரு சின்ன வெண்புகை எழுந்து, நீரோட்டத்தில் கலந்து சில நிமிடத்தில் காணாமல் போகும். அந்த இடத்தில் மட்டும் பிஹெச் மிக உயர்ந்து மெக்னீசியம் ஹைட்ராக்சைடாகப் பிரிகிறது, கலந்ததும் திரும்பக் கரைகிறது. இதில் ஆபத்தில்லை. ஆனாலும் கொஞ்சம் மெதுவாக, வேகமான ஓட்டத்தில் விடுங்கள்.

மணிக்கணக்கில் தொட்டி முழுவதும் மங்கலாகவே இருந்தால் அது கால்சியம் கார்பனேட், மேலே சொன்ன சுண்ணாம்பு. ஆல்க்கையும் கால்சியத்தையும் அடுத்தடுத்து ஒரே இடத்தில் ஊற்றியிருப்பீர்கள், அல்லது ஒருநாளில் ஆல்க்கைப் பெரிதாக ஏற்றியிருப்பீர்கள். இது திரும்பக் கரையாது. இங்கே எல்லோரும் செய்ய ஆசைப்படுவது, ஆல்க் சோதித்து, 5.5 என்று பார்த்துப் பதறி, இன்னும் ஊற்றுவது. தயவுசெய்து ஊற்றாதீர்கள். தண்ணீரில் மிதக்கும் ஒவ்வொரு துகளும் அடுத்த துகளுக்கு விதை. எல்லா டோஸையும் நிறுத்துங்கள், ஸ்கிம்மர் ஓடட்டும், ஃபில்டர் சாக்ஸ் (தண்ணீரை வடிகட்டும் துணிப் பை) இருந்தால் போடுங்கள், தெளிந்த பிறகு அழுக்கான சாக்ஸை மாற்றுங்கள். மறுநாள் மூன்றையும் அளந்து, மெக்னீசியம் சரியா என்று பார்த்துவிட்டு, ஆல்க்கை நாளுக்கு 1 டிகேஹெச்சுக்கு மேல் போகாமல் ஏற்றுங்கள். 100 லிட்டருக்கு 1 டிகேஹெச் ஏற்ற 3 கிராம் சமையல் சோடா போதும். சோடியம் கார்பனேட் என்றால் 1.9 கிராம். கால்சியத்துக்கு, 100 லிட்டரில் 20 பிபிஎம் ஏற்ற 7.3 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட். அது கரையும்போது பாத்திரம் சூடாகும், தண்ணீரில் உப்பைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும்.

அறிகுறி: பாட்டிலுக்குள்ளேயே வெள்ளை மண்டி

கால்சியம் கரைசலோடு மெக்னீசியத்தையும் சேர்த்து ஒரே பாட்டிலில் வைத்தால் வேலை மிச்சம் என்று தோன்றும். மெக்னீசியம் குளோரைடு என்றால் பரவாயில்லை. அதில் எப்சம் உப்பு கலந்திருந்தால், சல்ஃபேட்டும் கால்சியமும் சேர்ந்து ஜிப்சமாக அடியில் உறைந்துவிடும். குலுக்கினாலும் கரையாது, டோசிங் பம்பின் (தானாக அளந்து ஊற்றும் பம்ப்) குழாயை அடைக்கும். அந்தப் பாட்டிலைக் கொட்டிவிட்டு இரண்டையும் தனித்தனியாகக் கலக்குங்கள்.

ஆல்க் பாட்டிலில் படிகம் நின்றால் விஷயம் எளிது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சமையல் சோடா 96 கிராம் அளவுக்குத்தான் கரையும். லிட்டருக்கு 80 கிராமோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கொதிக்கும் தண்ணீரில் கரைத்தால் கொஞ்சம் கார்பனேட்டாக மாறிவிடும், வெதுவெதுப்பு போதும்.

அறிகுறி: குச்சிப் பவளத்தின் நுனி வெளுத்து உதிர்கிறது

அக்ரோபோரா போன்ற கிளைப் பவளங்களில் அடிப்பகுதி நன்றாக இருந்து, நுனியில் மட்டும் சதை கரைந்து வெள்ளை எலும்பு தெரிந்தால், முதலில் ஆல்க் அளவையும் கடைசி ஒரு வாரத்தில் அது எவ்வளவு ஆடியது என்பதையும் பாருங்கள். மெக்னீசியத்துக்கு இங்கே வேலை இல்லை. ஆல்க் 10-க்கு மேல் இருந்து, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்தில் நின்றால் நுனி எரியும் வாய்ப்பு மிக அதிகம். எலும்பு கட்டும் வேகத்துக்குச் சதை ஈடு கொடுக்க முடியாத நிலை அது. ஆல்க்கை மெல்ல 8-க்குக் கொண்டுவாருங்கள். நைட்ரேட் 2 முதல் 10 வரையும், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரையும் தென்படும்படி, கொஞ்சம் கூடுதலாகத் தீனி போடுங்கள். அதிகமாக ஓடும் பாஸ்பேட் உறிஞ்சியை நிறுத்துங்கள். இறந்த நுனி திரும்ப உயிர் பெறாது. அதற்குக் கீழே சதை ஓரம் நிலையாக நின்றுவிட்டால் சரியாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், சில வாரத்தில் அந்த ஓரமே மேலேறி மூடும்.

அடியிலிருந்து மேலே வெளுத்துக்கொண்டு வந்தால் அது வேறு கதை. ஆல்க் திடீரென்று ஏறி இறங்கியது, வெப்பம், பூச்சி என்று வேறு காரணங்கள். அங்கே டோஸை மாற்றிப் பயனில்லை.

அறிகுறி: நத்தைகள் கண்ணாடியிலிருந்து விழுகின்றன

பாட்டிலை எடுத்தவர்கள் அதிகம் பயப்பட வேண்டிய அறிகுறி இது. மெக்னீசியம் அதிகமானால் முதுகெலும்பில்லாத கடல் உயிர்களின் தசை தளரும். ஆய்வுக்கூடங்களில் நத்தை, கணவாய் போன்றவற்றை மயக்க மெக்னீசியம் குளோரைடைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆகவே நேற்று நடமாடிய நத்தைகள் இன்று மல்லாந்து கிடந்து, திருப்பி வைத்தாலும் ஒட்டாமல், தொட்டால் மெல்லச் சுருங்கினால், உடனே மெக்னீசியத்தை அளக்கவும். 1,500 வரை பெரும்பாலான தொட்டிகள் தாங்கும். 1,600-ஐத் தாண்டினால் நத்தைகள்தான் முதலில் சொல்லும். உப்புத்தன்மையையும் அம்மோனியாவையும் கூடவே பாருங்கள். தரம் குறைந்த தொழிற்சாலை உப்பில் அம்மோனியா கலந்திருக்க வாய்ப்புண்டு, அப்போதும் இதே அறிகுறிதான்.

மெக்னீசியத்தைக் குறைக்கும் மருந்து எதுவும் கிடையாது. தண்ணீர் மாற்றுவதும் காத்திருப்பதும்தான் வழி. 1,700 உள்ள தொட்டியில் 1,300 உள்ள புதிய தண்ணீர் 20 சதவீதம் மாற்றினால் 1,620-க்குத்தான் வரும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை என்று பல தடவை மாற்ற வேண்டியிருக்கும். விழுந்த நத்தைகளைப் பொறுக்கி, துறவி நண்டுகள் எட்டாத ஒரு கூடையில் நீரோட்டத்தில் வையுங்கள். பல பிழைத்துக்கொள்ளும். பிரையாப்சிஸ் என்ற தொல்லைப் பாசியை ஒழிக்க மெக்னீசியத்தை 1,600-க்கு மேல் ஏற்றும் பழக்கம் இருக்கிறது. நத்தைகளும் இறால்களும் உள்ள தொட்டியில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அறிகுறி: கோராலைன் பாசி வெளுக்கிறது

ஊதா ஓடு திட்டுத் திட்டாக வெள்ளையானால், புது விளக்கு போட்டீர்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிச்சம் சட்டென்று கூடினால் கோராலைன் வெளுக்கும், பிறகு தானே திரும்பும். விளக்கு மாறவில்லை என்றால் ஆல்க், கால்சியம், மெக்னீசியம் மூன்றையும் அளக்கவும். மெக்னீசியத்தை எலும்போடு சேர்த்துக் கட்டும் பாசி என்பதால் அது குறைந்தால் இதன் வளர்ச்சி நிற்கும். அப்புறம் ஒன்று: நத்தையும் கடல் முள்ளெலியும் மேய்ந்த தடமும் வெள்ளையாகத்தான் தெரியும்.

அறிகுறி: டோஸ் ஒழுங்காகப் போகிறது, உப்புத்தன்மை மட்டும் ஏறிக்கொண்டே வருகிறது

கால்சியம் குளோரைடையும் சமையல் சோடாவையும் ஊற்றினால் பவளம் எடுத்துக்கொள்வது கால்சியத்தையும் கார்பனேட்டையும். மிச்சம் சோடியமும் குளோரைடும் தண்ணீரிலேயே தங்கும், அதாவது சாதாரண உப்பு. நாளுக்கு 1 டிகேஹெச் செலவாகும் தொட்டியில் இது மாதத்துக்குச் சுமார் 0.6 பிபிடி. தண்ணீர் மாற்றும்போதும் ஸ்கிம்மர் அழுக்கோடும் கொஞ்சம் வெளியே போகும் என்றாலும், மாற்றாமலே ஓட்டுகிற தொட்டியில் சில மாதத்தில் தெரிந்துவிடும். மாதம் ஒருமுறை ரிஃப்ராக்டோமீட்டரைச் சரிபார்த்து அளந்து, கூடியிருந்தால் கொஞ்சம் தொட்டித் தண்ணீரை எடுத்துவிட்டு ஆர்ஓ தண்ணீர் விடுங்கள், ஒரே நாளில் 1 பிபிடிக்கு மேல் இறக்காமல்.

புதிதாகக் கலக்கும் உப்பையும் அவ்வப்போது சோதியுங்கள். வாளியில் வரும் உப்பு வழியில் குலுங்கித் தட்டுத் தட்டாகப் பிரிந்திருக்கும். மேலே எடுத்தது ஒரு அளவு காட்டும், அடியில் எடுத்தது இன்னொன்று. திறப்பதற்கு முன் வாளியைப் படுக்க வைத்து நன்றாக உருட்டுங்கள்.

அறிகுறி: அளவுகள் எல்லாம் சரி, நிறம் மட்டும் மங்கல்

விளக்கு, நைட்ரேட், பாஸ்பேட் இந்த மூன்றையும் பார்த்து முடிக்காமல் நுண்தாது பாட்டில்கள் பக்கம் போக வேண்டாம். பார்த்தாகிவிட்டது, அப்போதும் மங்கல் என்றால் ஐசிபி பரிசோதனைக்கு (தண்ணீரிலுள்ள தனிமங்களை அளக்கும் ஆய்வக முறை) ஒரு மாதிரி அனுப்புங்கள். பொட்டாசியம் 400-க்கு மிகக் கீழே போயிருந்தால் மான்டிபோரா போன்ற பவளங்கள் மங்குவதுண்டு, அதைக் கணக்குப் போட்டு மெல்ல ஏற்றலாம். ஸ்ட்ரான்ஷியம் கடலில் சுமார் 8 பிபிஎம். கால்சியத்தோடு சேர்ந்து எலும்புக்கூட்டுக்குள் போகும், ஒழுங்காகத் தண்ணீர் மாற்றும் தொட்டியில் தனியாக ஊற்ற அவசியம் வருவது அபூர்வம்.

அயோடினில்தான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். கடலில் அது வெறும் 0.06 பிபிஎம். அடர்த்தியான அயோடின் கரைசலில் கை கொஞ்சம் தவறினாலும் அளவு பல மடங்காகிவிடும். அளக்காமல் அயோடின் ஊற்றாதீர்கள், இறால் தோலுரிக்க வேண்டும் என்பதற்காகக்கூட. ஐசிபி அறிக்கை வந்தால் குறைவானவற்றை மட்டும் பார்க்காமல், இருக்கக் கூடாதவை இருக்கின்றனவா என்றும் பாருங்கள். செம்பு, தகரம், அலுமினியம் தென்பட்டால் எங்கோ துருப்பிடித்த காந்தமோ உலோக இணைப்போ வேறு ஏதாவது மூலமோ தண்ணீரில் இருக்கலாம். அதைக் கண்டுபிடித்து எடுப்பதுதான் அங்கே சிகிச்சை.

அறிகுறி: ஒரே இரவில் எண் மாறிவிட்டது

மாதக்கணக்கில் நிலையாக இருந்த ஆல்க் திடீரென்று 2 டிகேஹெச் ஏறினாலோ இறங்கினாலோ டோசிங் பம்பைப் பாருங்கள். ஏறியிருந்தால்: குழாயின் முனை தண்ணீருக்குள் இருக்கிறதா, பாட்டில் தொட்டியைவிட உயரத்தில் இருக்கிறதா? இரண்டும் சேர்ந்தால், பம்பின் உள்குழாய் தேய்ந்து தளரும் நாளில் சைஃபன் பிடித்து, கரைசல் தானாகவே வழிந்து பாட்டில் முழுவதும் உள்ளே போய்விடும். முனையை நீர்மட்டத்துக்கு மேலே கட்டி வையுங்கள், பாட்டிலைக் கீழே இறக்குங்கள். இறங்கியிருந்தால்: குழாய் முனையில் உப்பு கட்டி அடைத்திருக்கும், அல்லது பம்ப் தலைக்குள் இருக்கும் மென்குழாய் அமுங்கிப் போய் 10 மில்லி என்று சொல்லி 7 மில்லி தரும். முனையை வெந்நீரில் கழுவிவிட்டு, ஒரு அளவுக் குழாயில் 10 மில்லி ஊற்ற வைத்துப் பாருங்கள். குறைவாக வந்தால் மென்குழாயை மாற்றி, பம்பை மறுபடி அளவு பிடித்து வையுங்கள்.

விட்டுப்போன டோஸை ஒரே நாளில் ஈடுகட்ட வேண்டாம். ஆல்க் ஏறியிருந்தால் அமிலம் ஊற்றி இறக்கவும் வேண்டாம். டோஸை நிறுத்திவிட்டால் பவளமே அதைக் குடித்து இறக்கிவிடும். பாட்டிலின் அளவையும் ஒருமுறை யோசியுங்கள். 200 லிட்டர் தொட்டிக்கு 1 டிகேஹெச் என்பது 6 கிராம் சமையல் சோடா. இரண்டு லிட்டர் பாட்டிலில் 160 கிராம் கரைத்து வைத்தால், மொத்தமும் கொட்டும் நாளில் சுமார் 27 டிகேஹெச் உள்ளே போகும். அரை லிட்டர் பாட்டிலில் அதே கரைசல் என்றால் 6 முதல் 7 டிகேஹெச்சோடு நிற்கும். வீட்டில் ஆள் இருக்கும் நாட்களில் சின்னப் பாட்டிலையே வைத்து, வாரம் ஒருமுறை நிரப்பும்போது அன்றைய ஆல்க்கையும் மெக்னீசியத்தையும் அதன் மேலேயே மார்க்கரால் எழுதி வையுங்கள்.